பதின்மூன்று காய், இருபத்தொன்பது புள்ளி

கண்ணால் பார்த்தாலே போதுமாம் அண்ணே, எண்ண வேண்டியதில்லையாம். பலகையில் முப்பது காய் பரவிக் கிடக்கிறது. ஒருவன் வந்து குனிந்து, தாடையைச் சொறிந்துகொண்டு ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் ஒரு எறி முந்திதான் நிக்கேன்" என்கிறான். அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். நான் பி.இ. சிவில், எண்பத்தோரு சதவீதம். அவன் பத்தாவதில் கணக்கிலேயே பெயில். அவனே சொன்னது, நான் இட்டுக்கட்டவில்லை.

கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், என் பெட்டி உங்கள் முட்டியில் இடிக்கிறது. ஏர்போர்ட் நிறுத்தத்தில் பஸ் ஏறினால் நின்றுகொண்டேதான் போக வேண்டும் என்று நினைத்தேன், நீங்கள் இடம் கொடுத்தீர்கள். கீரனூரில் இறங்கிவிடுவேன். நீங்கள் புதுக்கோட்டையா? காலடியில் இருப்பது டைல்ஸ்தானே? சாம்பிளா? இரண்டுக்கு இரண்டு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் அதற்குள்தான் கிடந்தேன், ஷார்ஜாவில். டைல்ஸ், மார்பிள் போடுகிற கம்பெனி. மண்டபம், வில்லா, கடை, எது கட்டினாலும் தரை எங்களுடையது.

நான் சொன்ன ஆள் பெயர் மிக்கேல். வேம்பாற்றுக்காரன், தூத்துக்குடி பக்கம். டைல்ஸ் வெட்டுகிறவனாகப் போய், எட்டு வருடத்தில் ஸ்டோர்கீப்பர் ஆகியிருந்தான். சதுர மீட்டரில் சொல் என்றால் அவனுக்கு வாய் வராது. "மூணு டிராலி வேணும், இன்ஜினியரே" என்பான். டிராலி என்ன அளவையா அண்ணே? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கம்பெனியை நடத்துகிறவர் ஒரு லெபனான்காரர். பெயர் நபீல். யாரும் பெயர் சொல்ல மாட்டோம், முதீர் என்போம். மேனேஜர் என்று அர்த்தம். கோடையில் மூன்று மாதம் மத்தியான வெயிலில் வெளிவேலை கூடாது என்று அங்கே சட்டம். பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை சைட்டில் எல்லோரும் நிழலில் படுத்துக் கிடப்பார்கள். முதீர் படுக்க மாட்டார். ஸ்டோருக்கு வந்து, டைல்ஸ் பெட்டி இரண்டை அடுக்கி, அதன்மேல் பலகையை விரிப்பார்.

தாவ்லா என்று ஒரு ஆட்டம். போனில் பேக்கமன் என்று இருக்குமே, அதுதான். நம் தாயத்துக்குப் பணக்கார மாமன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை, இருபத்து நான்கு வீடு. காய்களைச் சுற்றிக் கொண்டுவந்து கடைசி ஆறு வீட்டுக்குள் சேர்க்க வேண்டும், பிறகு பகடை விழுகிறபடி, ஒரு பகடைக்கு ஒரு காயாக, பலகைக்கு வெளியே எடுக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் எடுத்தவன் ஜெயித்தான். பாதி ஆட்டம் வரை வெட்டு உண்டு, மறிப்பு உண்டு. இரண்டு பேர் காயும் ஒன்றையொன்று தாண்டிவிட்டால் சண்டை முடிந்தது. அப்புறம் வெறும் ஓட்டம். அந்த ஓட்டத்தில் யார் முந்தி என்று கணக்குப் போடுவதுதான் ஆட்டமே. மற்றதெல்லாம் பகடை. பகடையை யார் வேண்டுமானாலும் உருட்டலாம், மாடு கூட உருட்டும்.

நீங்கள் கேட்கலாம், ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று. விளையாட்டு இல்லை அண்ணே. எங்கள் ஆபீஸில் எஸ்டிமேட்டர் என்று ஒரு நாற்காலி. வரைபடத்தைப் பார்த்து, இந்தத் தரைக்கு எவ்வளவு டைல்ஸ், எவ்வளவு சிமெண்ட், எத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. ஏசி அறை. முதீருக்குப் பக்கத்து மேசை. அதில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த குரியன் சார் செப்டம்பரில் ஊருக்குப் போகிறார், இனி வரமாட்டார். அந்தப் பதினோரு வருடமும் முதீருக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தவரும் அதே குரியன் சார்தான். கூட்டிப் பாருங்கள். முதீர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் புரியுமா? நான் வெயிலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு தரை அளந்துகொண்டிருந்தவன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அப்பாவுக்கு அப்பா வரை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. என் அப்பா இன்னும் கல்குவாரிக்குப் போகிறார்.

ஜூன் மாதம் நானும் ஸ்டோருக்குப் போய் நின்றேன்.

முதீரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டம் தொடங்கிய பிறகு, தன் முறை வரும்போது, 'நான் முந்தி' என்று நினைக்கிறவன் காப்பிக் கோப்பையைப் பலகையின் நடுவே கவிழ்ப்பான். கவிழ்த்தால் அந்த ஆட்டத்துக்கு இரண்டு மதிப்பு. எதிராளி ஒன்று, 'சரி' என்று தொடர்ந்து ஆட வேண்டும். இல்லை, 'விட்டேன்' என்று ஒரு ஆட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். சரி என்றவனுக்கு ஒரு உரிமை உண்டு. அடுத்து அவன் முறை வரும்போது தன் கோப்பையை அதன்மேல் கவிழ்க்கலாம். அப்போது நான்கு மதிப்பு, அதற்கு 'விட்டேன்' என்றால் இரண்டு போகும். பதில் சொல்ல நேரம் எவ்வளவு? முதீர் கையில் எப்போதும் ஒரு மணிமாலை ஓடிக்கொண்டிருக்கும், முப்பத்து மூன்று மணி. அது ஒரு சுற்று வருவதற்குள் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் நான் பட்ட பாடு! ஒவ்வொரு காயும் வெளியேற எத்தனை புள்ளி தூரம் என்று எண்ணி, பெருக்கி, கூட்டி, பதினைந்து காய்க்கும் முடிப்பதற்குள் மாலை மூன்று சுற்று வந்துவிடும். அப்புறம் எதிராளியின் பதினைந்து. மிக்கேல் பெட்டிமேல் உட்கார்ந்து சுலைமானி டீயை உறிஞ்சிக்கொண்டு, "என்ன வே, எண்ணி முடிச்சாச்சா? அடுத்த கண்டெய்னரே வந்துட்டு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் வித்தியாசம் என்ன தெரியுமா? படித்தவன் முறை தேடுவான். அறையில் எட்டுப் பேர் கட்டிலில் படுத்து ரீல்ஸ் பார்ப்பார்கள், நான் மேல்கட்டிலில் நோட்டோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்தின் மனக்கணக்கைப் படித்தேன். வெளியேறுகிற பக்கமிருந்து எண்ணி எட்டாம் வீட்டில் இரண்டு காய், ஆறாம் வீட்டில் இரண்டு காய் இருந்தால் தனித்தனியாகப் பெருக்கக்கூடாது. நாலும் ஏழாம் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நாலேழு இருபத்தெட்டு, முடிந்தது. கடைசி ஆறு வீட்டிலும் இரண்டிரண்டு இருந்தால் நாற்பத்திரண்டு. மனப்பாடம். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் காய் இருந்தால் இரண்டையும் அடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எண்ண வேண்டும். கடைசியில் ஒரு சதவீதக் கணக்கு. முந்தி இருப்பவனுக்கு நூறு புள்ளி மிச்சம் என்றால், எதிராளி எட்டு பின்தங்கினாலே கோப்பையைக் கவிழ்க்கலாம். பன்னிரண்டுக்கு மேல் பின்தங்கியவன் விட்டுவிட வேண்டும். எவ்வளவு அழகு பாருங்கள். இதை நான் மூன்று வாரத்தில் கரைத்துக் குடித்தேன். ஜூலை நடுவில் இருபது மணி உருள்வதற்குள் இரண்டு பக்கமும் எண்ணி முடித்துவிடுவேன். குரியன் சாரே தலையை ஆட்டினார்.

மிக்கேல் என்ன முறை வைத்திருந்தான்? ஒன்றும் இல்லை. அதைத்தான் சொல்கிறேன். "உங்களுக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"புள்ளியா? அதெல்லாம் யாரு எண்ணுவா. எனக்கு ஒம்பது எறி, உமக்கு ஒம்பதரை."

"அரை எறி எப்படி எறிவீங்க?"

"நீரு எறியும்போது தெரியும்."

இதுதான் பதில். புள்ளியில் சொல்லத் தெரியாது, எறியில் சொல்வான். சதுர மீட்டரில் சொல்லத் தெரியாது, டிராலியில் சொல்வான். காயைக் கூட நகர்த்தி நகர்த்திப் பரப்பிக்கொண்டே இருப்பான், ஒரு வீட்டில் இரண்டு மூன்றுக்கு மேல் சேரவிட மாட்டான், கடையில் சாமான் அடுக்குகிற மாதிரி. நான் அப்படி இல்லை. கிடைத்த புள்ளியை எல்லாம் வைத்துக் காயை ஒன்றாம் வீடு வரை இறக்கிவிடுவேன். ஒன்றாம் வீட்டில் இருக்கிற காய்க்கு ஒரு புள்ளிதானே மிச்சம்? மொத்தம் குறையும். மொத்தம் குறைந்தால் முந்தி. இதில் வாதம் என்ன?

ஒரு தடவை அவன் என் ஒன்றாம் வீட்டைப் பார்த்து, "என்ன வே, சிமெண்ட் மூட்டை மாதிரி ஒரே எடத்துல அட்டி போட்டு வச்சிருக்கீரு. வெளிய எடுக்கும்போது ஒண்ணொண்ணாத்தான எடுக்கணும்?" என்றான். பொறாமை. நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அவனுக்கு மரியாதை கொடுத்தது மாதிரி ஆகும்.

ஜூலை கடைசியில் ஒரு தப்பு செய்தேன். பொய் சொல்லக்கூடாது, தப்புதான். அப்பாவிடம் போனில் பேசும்போது வாய் தவறிவிட்டது. "அந்த எஸ்டிமேட்டர் வேல ஆன மாதிரிதாம்ப்பா" என்றேன். ஆகிவிட்டது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஆன மாதிரி என்றேன். அப்பா, "அப்ப வெயில் இல்லையில்ல தம்பி?" என்று கேட்டார்.

"இல்லப்பா. ஏசி ரூம்."

"உக்காந்துதானே?"

"ஆமாப்பா. சுத்துற நாற்காலி."

அவ்வளவுதான் பேசினோம். நாலாம் நாள் அக்கா வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் பையனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் நான். கீரனூர் முக்கத்தில் வைக்கப்போகிற ஃப்ளெக்ஸ். பத்துக்கு எட்டு. நடுவில் நான் கோட்டுப் போட்டு நிற்கிறேன், கோட்டு கம்ப்யூட்டரில் போட்டது. கீழே கொட்டை எழுத்தில், 'இன்ஜினியர் அடைக்கலம் பி.இ., எஸ்டிமேட்டர், ஷார்ஜா.' வேண்டாம் என்று சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் அச்சடித்துவிட்டார்கள்.

அதனால்தான் ஆகஸ்டில் எனக்கு வேறு வழியில்லை. ஜெயித்தாக வேண்டும்.

நடுவில் ஒரு மண்டப வேலை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அஜ்மான் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். குரியன் சார் லீவில் இருந்தார், முதீர் என்னைக் கூப்பிட்டு, "யா முஹந்திஸ், இந்தத் தரைக்கு நீ கணக்குப் போடு" என்றார். முஹந்திஸ் என்றால் இன்ஜினியர். அவர் பேசுவது அரபியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு, நான் தமிழில் சொல்கிறேன். அண்ணே, டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று தடவை அளந்தேன். நானூற்று முப்பத்திரண்டு சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் கூடப் பிசகில்லை. அறுபதுக்கு அறுபது டைல்ஸ், சரியாக ஆயிரத்து இருநூறு. பெட்டிக்கு நாலு, முந்நூறு பெட்டி. டைல்ஸைக் குறுக்காக, வைர வடிவத்தில் போட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. எப்படிப் போட்டால் என்ன, தரை அதே தரைதானே?

மிக்கேல் ஸ்டோர் சீட்டில் என்ன எழுதி வைத்திருந்தான் தெரியுமா? முந்நூற்று நாற்பது. நாற்பது பெட்டி கூட! கேட்டேன். "ஓரத்துல எல்லாம் முக்கோணமா வெட்டணும்லா. வெட்டுனதுல பாதி குப்பைக்குத்தான் போவும்" என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படித்தான் கூடக் கூட எழுதி, மிச்சத்தை யார் வீட்டுக்கோ தள்ளுவார்கள். அவன் தள்ளினான் என்று சொல்லவில்லை, தள்ளுவதற்கு வழி என்கிறேன். சீட்டில் நாற்பதை அடித்துவிட்டு முந்நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி, முகந்திசு சொன்னா சரி" என்று போய்விட்டான்.

கடைசியில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மூலை மிச்சம் நின்றுவிட்டது. முப்பத்தோரு பெட்டி பற்றவில்லை. புதிதாக வரவழைத்தால் நிறம் ஒட்டவில்லை, வேறு லாட். மூலை மட்டும் கட்டின பல் மாதிரி தனியாகத் தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை ஏன் பார்க்க வேண்டும்? வெட்டுகிறவர்கள் உடைத்தால் நான் என்ன செய்வேன்? என் கணக்கில் தப்பு இல்லை அண்ணே. நானூற்று முப்பத்திரண்டு. இன்றைக்குப் போய் அளந்தாலும் நானூற்று முப்பத்திரண்டுதான் இருக்கும். முதீர் ஒன்றும் திட்டவில்லை. மண்டபத்தைச் சுற்றி நடந்தார், மாலையை உருட்டினார், போய்விட்டார். திட்டாததால் அவருக்கும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம். முதீரே சொன்னார், "முஹந்திஸும் மிக்கேலும் ஆடுங்கள், ஏழு வரை. நான் பார்க்கிறேன்." ஏழு யார் முதலில் எடுக்கிறாரோ அவர் ஜெயித்தார். எதற்காக ஆடச் சொன்னார்? வேறு எதற்கு? குரியன் சார் ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஸ்டோரில் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள், வெளியே நாற்பத்தாறு டிகிரி. உள்ளே இரண்டு ஃபேன், அனல்தான் சுற்றியது. நான் காயை மூன்று தடவை சரிபார்த்து அடுக்கினேன். எதிரே உட்கார்ந்தவன் பனியனோடு, காதில் பென்சில் சொருகிக்கொண்டு, பக்கத்து ஆளிடம் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

நன்றாகத்தான் ஆடினேன். ஐந்துக்கு மூன்று. நான் ஐந்து. இரண்டு மதிப்புள்ள ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஏழு, நாற்காலி என்னுடையது.

அந்த ஆட்டத்தில் காய்கள் தாண்டிவிட்டன, ஓட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. என் முறை. எனக்குப் பதின்மூன்று காய் மிச்சம். ஆறாம் வீட்டில் நான்கு, மூன்றில் ஒன்று, இரண்டில் மூன்று, ஒன்றாம் வீட்டில் ஐந்து. அவனுக்கு ஒன்பது காய். ஆறில் இரண்டு, ஐந்தில் மூன்று, நான்கில் மூன்று, மூன்றில் ஒன்று. எண்ணினேன். எனக்கு முப்பத்தெட்டு புள்ளி. அவனுக்கு நாற்பத்திரண்டு. நாலு பின்தங்கல், பத்தரை சதவீதம். எட்டுக்கு மேல், பன்னிரண்டுக்குக் கீழ். புத்தகத்தில் இதற்கென்றே எழுதி வைத்த மாதிரி. பன்னிரண்டு மணி கூட உருளவில்லை. கோப்பையைக் கவிழ்த்தேன்.

"சரி" என்றான். ஒரு மணி கூட உருளவில்லை அண்ணே. எண்ணவே இல்லை! பலகையைப் பார்த்தானா என்பதே சந்தேகம்.

உருட்டினேன். ஐந்தும் நான்கும். பெரிய எண்கள். ஐந்தாம் வீட்டிலும் நான்காம் வீட்டிலும் எனக்குக் காய் இல்லை, அதனால் ஆறில் இருந்த இரண்டை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கினேன். ஒன்பது புள்ளி ஒரே வீச்சில் குறைந்தது. இருபத்தொன்பதுக்கு நாற்பத்திரண்டு. பதின்மூன்று புள்ளி முந்தி! வாழ்க்கையில் நான் அவ்வளவு முந்தி நின்றதில்லை.

அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தான். தன் கோப்பையில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தான். என் கோப்பையின்மேல் அதைக் கவிழ்த்தான். நான்கு. மூன்றும் நான்கும் ஏழு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்துவிட்டேன். "மிக்கேலண்ணே, நாப்பத்திரெண்ட வச்சுக்கிட்டு இருபத்தொன்பதுக்கு எதிரா கவுக்குறீங்க. தெரிஞ்சுதான் செய்றீங்களா?"

அவன் மெதுவாகத்தான் சொன்னான். "விட்டுரும் வே. அஞ்சுக்கு அஞ்சு ஆவும், அடுத்த ஆட்டம் பாத்துக்கிடலாம். இந்த எறியில உம்ம காய் ஒண்ணு கூட வெளிய போவல. பதிமூணும் அங்கனதான் கெடக்கு. எறிக்கு ரெண்டு போனா ஏழு எறி. எனக்கு ஆறு."

எதிராளிக்கு யாராவது யோசனை சொல்வார்களா? மிரட்டல் அது. நான் பயந்து விட்டுவிட வேண்டும் என்று ஆடின நாடகம். சுற்றி நாற்பது பேர். முதீர் மாலையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். படித்தவன் எண்ணை நம்புவானா, டீக்கோப்பையை நம்புவானா? "சரி, ஆடுங்க" என்றேன்.

அப்புறம் என்ன. பகடைதான். அவனுக்கு எறிக்கு எறி ஒன்றோ இரண்டோ வெளியே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஆறும் ஐந்தும் விழும், அதை வைத்து இரண்டாம் வீட்டுக் காயையும் ஒன்றாம் வீட்டுக் காயையும்தான் எடுப்பேன். ஐந்து புள்ளியை வைத்து ஒரு புள்ளிக் காயை எடுத்தால் மிச்ச நாலு எங்கே போகிறது? அநியாயம் இல்லையா? ஆறாவது எறியில் அவன் கடைசிக் காயை எடுத்தபோது என்னிடம் நான்கு காய் இருந்தன, நான்கும் ஒன்றாம் வீட்டில். நான்கே நான்கு புள்ளியில் தோற்றேன் அண்ணே. முப்பத்தெட்டில் தொடங்கி நான்கு வரை வந்தவன். அதைத் தோல்வி என்று யாராவது சொல்வார்களா?

எல்லோரும் கைதட்டினார்கள். முதீர் எழுந்து வந்து, என் நான்கு காயையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தன் உள்ளங்கையில் அடுக்கினார். "உனக்கு எண்ண வருகிறது, முஹந்திஸ். என்னைவிட வேகமாக வருகிறது. மண்டபத்திலும் சரியாகத்தான் எண்ணினாய்" என்றார். நான் சந்தோஷமாக, "ஆமாம் சார், நானூற்று முப்பத்திரண்டு" என்றேன். அவர் ஏனோ பெருமூச்சு விட்டார். காயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நாற்காலி மிக்கேலுக்கு.

நம்ப முடிகிறதா? எக்ஸலைத் திறக்கத் தெரியாதவன். அன்று சாயங்காலமே என் கட்டில் பக்கம் வந்து நின்றான். புதிதாக ஒரு சட்டை போட்டிருந்தான், மடிப்பு இன்னும் கலையவில்லை. "முகந்திசே, முதீர்ட்ட பேசிட்டேன். உள்ளயே இன்னொரு மேசை போடச் சொல்லியிருக்கேன். எனக்குக் கம்ப்யூட்டர் வராதுலா. நீரு கணக்கைப் போடும், நான் சேதாரத்தைச் சொல்லுதேன். ரெண்டு பேருமா இருந்துக்கிடுவோம். ஏசிதான்" என்றான்.

இன்னொரு மேசை! அவனுக்குக் கீழே! அவன் 'சேதாரம்' சொல்ல, நான் எழுத! பத்தாவது பெயிலுக்கு நான் எழுத்தர் வேலை பார்க்க வேண்டுமாம். எவ்வளவு திமிர் இருந்தால் அதை வந்து நேரிலேயே சொல்வான், அதுவும் சிரித்த முகத்தோடு. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றான். "யோசிச்சுச் சொல்லும். அவசரமில்ல" என்று போனான். மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அனுப்பவில்லை, கவனியுங்கள். நானாக வந்தேன். ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "அந்த மேசையைக் காலியாத்தான் போட்டு வச்சிருப்பேன்" என்றான். எவ்வளவு காலம் போட்டு வைப்பான், பார்க்கலாம்.

வீட்டில் லீவு என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் காதுகுத்து. அதற்கப்புறம் ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் யோசிக்க வேண்டும். சென்னையில் யாராவது எடுத்துக்கொள்வார்கள். கணக்கு தெரிந்தவனுக்கு என்ன.

கீரனூர் வந்துவிட்டது போலிருக்கிறதே. கொஞ்சம் குனிந்து பாருங்கள், முக்கத்தில், மின்கம்பத்துக்கு இந்தப் பக்கம். தெரிகிறதா? ஆமாம், நான்தான். கோட்டு இல்லாததால் அடையாளம் தெரியவில்லை. அதன் கீழே துண்டோடு நிற்கிறாரே, அவர் அப்பா. பஸ் எது என்று தெரியாமல் காலையிலிருந்தே நிற்பார். வெயிலில் நிற்காதீர்கள் என்றால் கேட்டால்தானே.

என்ன கேட்டீர்கள்? உங்கள் ஹாலுக்கா? சொல்லுங்கள், நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். பதினொன்றுக்குப் பதின்மூன்று அடி. நூற்று நாற்பத்து மூன்று. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ், ஒன்றுக்கு நான்கு சதுர அடி. முப்பத்தைந்தே முக்கால், முப்பத்தாறு. பார்த்தீர்களா, பெட்டியைத் தூக்கி நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. கொத்தனார் நாற்பத்திரண்டு என்றாரா? நான் என்ன சொல்லிக்கொண்டு வருகிறேன், அண்ணே! எல்லா ஊரிலும் ஒரு மிக்கேல் இருப்பான். ஓரம், வெட்டு, சேதாரம் என்று ஏதாவது சொல்வான். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஹோல்டான், ஹோல்டான், இறங்கணும்! முப்பத்தாறு அண்ணே. அதற்கு மேல் ஒன்று கூட வாங்கிவிடாதீர்கள்.